காற்றூட்டிய எஞ்சினும் பந்தயத் தடமும்

திருகோணமலையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, நெல் வயல்களின் நடுவே அமைந்த ஊர் கிளிவெட்டி. அறுவடைக் காலத்தில் அவ்வூர்ச் சந்தியிலே மூட்டை ஏற்ற லொறிகள் வந்து நிற்கும். நெடுந்தூரம் பாரம் இழுத்து வந்த லொறியை நிறுத்தும் அநுபவமுள்ள சாரதி உடனே எஞ்சினை அணைத்துவிடமாட்டார். ஓரிரு நிமிடம் அதனை மெதுவாக ஓடவிட்டு, அதன் பின்னரே சாவியைத் திருப்புவார். எரிபொருள் வீணாகின்றதே என்று பார்ப்போர் எண்ணக்கூடும். ஆனால், அந்த இரு நிமிடங்களில் செலவாகும் சிறிதளவு டீசல், எஞ்சினோடு பொருத்தப்பட்ட விலையுயர்ந்த உறுப்பொன்றின் ஆயுளைக் காக்கின்றது. அவ்வுறுப்பே டர்போசார்ஜர்.

ஒரு காலத்தில் விமானங்களிலும் கப்பல்களிலும் பெரிய லொறிகளிலும் மட்டுமே இருந்த இக்கருவி இன்று சிறு கார்களிலும் இடம்பெற்றுவிட்டது. யப்பானிலிருந்து இலங்கைக்கு வந்த 660 கன சென்றிமீற்றர் கொள்ளளவுள்ள குட்டிக் கார்களிற் சிலவும் டர்போ பூண்டவையே. இத்தகைய கார்களை வைத்திருக்கும் இளைஞர், நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியையோ, களுத்துறைக்கு அருகேயுள்ள கட்டுக்குருந்தை ஓடுதளத்துப் பந்தயத்தையோ கண்ட பின், தாமும் ஒரு நாள் தடத்தில் ஓட்டிப் பார்க்க விரும்புவது இயல்பு. அப்போது எழும் வினா ஒன்று உண்டு. சாலையிலே பல ஆண்டுகள் பழுதின்றி ஓடிய கார், பந்தயத் தடத்தில் இருபது நிமிடத்துக்குள் வலுவிழப்பதும் சில வேளை முற்றாகப் பழுதடைவதும் ஏன்? எஞ்சின் தரங்குறைந்ததா? செய்தவர் பிழையா? ஓட்டியவர் பிழையா?

இவ்வினாவுக்கு விடை காண, எஞ்சின் மூச்சு விடும் முறையை முதலில் அறிதல் வேண்டும். எரிபொருள் எரிவதற்குக் காற்று தேவை. சாதாரண எஞ்சினில், பிஸ்டன் கீழிறங்கும்போது உருளைக்குள் உண்டாகும் வெற்றிடத்தை நிரப்ப வெளிக்காற்று தானாகவே உட்செல்கின்றது. உட்செல்லும் காற்றின் அளவுக்கு ஏற்பவே எரிபொருளும் எரியும். எரிபொருளின் அளவுக்கு ஏற்பவே வலுவும் பிறக்கும். ஆகவே, அதே உருளைக்குள் கூடுதலான காற்றை அமுக்கித் திணித்தால், எஞ்சினைப் பெரிதாக்காமலே வலுவைப் பெருக்கலாம். இதற்கு இரண்டு வழிகள் உள்ளன.

எஞ்சினின் கிராங்குத்தண்டோடு வாராலோ பற்சில்லாலோ இணைக்கப்பட்டு, எஞ்சினின் வலுவில் ஒரு பங்கைத் தானே உண்டு காற்றை ஊட்டுவது சூப்பர்சார்ஜர். எஞ்சின் வெளியே தள்ளும் சூடான புகையால் ஒரு சில்லைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையிலுள்ள இன்னொரு சில்லால் காற்றை ஊட்டுவது டர்போசார்ஜர். வீணே போகும் புகையின் ஆற்றலைப் பயன்படுத்தும் இந்த இரண்டாம் முறைக்கு, சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி 1905ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். முன்னது கடையில் விலை கொடுத்து வாங்கிய உணவு. பின்னது வயலில் சிந்திய நெல்லைப் பொறுக்கிச் சமைத்த உணவு. ஆயினும், உண்டபின் இரண்டும் உடலுக்குத் தரும் சூடு ஒன்றே.

அந்தச் சூடுதான் இங்கே மூலப் பொருள். காற்றை அமுக்கினால் அது சூடேறும். சைக்கிள் ரயருக்குக் காற்றடித்தவர் எவரும் பம்பின் அடிப்பாகம் சுடுவதைக் கையால் உணர்ந்திருப்பர். கிளிவெட்டியில் 35 பாகை வெயில் அடிக்கும் ஒரு நண்பகலை எடுத்துக்கொள்வோம். அந்தக் காற்றின் அமுக்கத்தை, நூற்றுக்கு எழுபது பங்கு திறனுடைய ஒரு கருவியால் இரு மடங்காக்கினால், அதன் வெப்பநிலை ஏறக்குறைய 130 பாகைக்கு உயர்ந்துவிடும். சூடேறிய காற்று விரிய முனைவதால் அமுக்கம் இரட்டித்தபோதிலும் அடர்த்தி இரட்டிப்பதில்லை; ஒன்றரை மடங்குதான் ஆகின்றது. இந்தக் காற்றை எஞ்சினுக்குள் விடுமுன் இன்னொரு குளிரூட்டியினூடே செலுத்தி 60 பாகைக்கு இறக்கிவிட்டால், அடர்த்தி ஒன்றே முக்கால் மடங்குக்கும் மேலாகின்றது. இடையில் நின்று காற்றைக் குளிர்விக்கும் இக்கருவியை இடைக்குளிரூட்டி என்பர். காரின் முகப்பிலே ரேடியேற்றருக்கு முன்னால் அமைந்த மெல்லிய தகட்டுப் பெட்டி பெரும்பாலும் இதுவே.

சூட்டின் கணக்கு இத்துடன் முடியவில்லை. எரிபொருளிலுள்ள ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சில்லைச் சுழற்றும் வேலையாகின்றது. மற்றொரு பங்கு புகையோடு போகின்றது. எஞ்சியது தண்ணீரிலும் எண்ணெயிலும் எஞ்சின் உடலிலும் சூடாகத் தங்கி, பின் காற்றோடு கலக்கின்றது. வலுவை ஒன்றரை மடங்காக்கினால் இந்தச் சூடும் ஒன்றரை மடங்காகின்றது. வலுவைக் கூட்டியவர்கள் ரேடியேற்றரையும் அதே அளவு பெருக்கினார்களா என்பதிலேயே அந்த எஞ்சினின் நம்பகம் தங்கியிருக்கின்றது.

இதற்கு நல்ல சான்று கிளிவெட்டிக்கு வடக்கே, குடாவின் மறுகரையிலேயே உள்ளது. திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த சீனக்குடா விமானத்தளத்தில், 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆந் திகதி காலை, யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த விமானங்கள் தாக்குதல் நடத்தின. அவற்றை எதிர்த்து மேலெழுந்தவை பிரித்தானிய விமானப்படையின் 261ஆம் அணியைச் சேர்ந்த ஹரிக்கேன் விமானங்கள். அவ்விமானங்களின் உயிர்நாடி, 27 லீற்றர் கொள்ளளவும் 12 உருளைகளும் கொண்ட ரோல்ஸ் றொய்ஸ் மெர்லின் எஞ்சின். அது பற்சில்லால் இயங்கும் சூப்பர்சார்ஜர் பூண்டது. உயரே செல்லச் செல்லக் காற்று மெலிவதால், காற்றூட்டும் கருவியின்றிப் போர் விமானம் பயன்படாது. மெர்லினின் சூப்பர்சார்ஜரை ஆராய்ந்து செப்பனிட்ட ஸ்ரான்லி ஹூக்கர், அதனாற் பொறியியல் உலகில் பெரும்பெயர் பெற்றார்.

இத்துணைச் சிறந்த எஞ்சினுக்கும் விமானப்படை ஒரு கட்டுப்பாடு விதித்திருந்தது. போர் நெருக்கடியில் பயன்படும் முழு அமுக்கத்தை ஒரே தடவையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது. அவ்வாறு பயன்படுத்தியதைத் தரையிறங்கிய பின் தெரிவித்தல் வேண்டும். எஞ்சினின் பதிவேட்டிலும் அது குறிக்கப்படும். எஞ்சின் பலவீனமானது என்பது இவ்விதியின் பொருளன்று. உண்டாகும் சூடு வெளியேறும் சூட்டை விஞ்சும் நிலையில், எந்த எஞ்சினுக்கும் ஒரு கால எல்லை உண்டு என்பதே பொருள். பகைவன் பின்தொடரும்போதும் விமானி மனத்தில் வைத்திருக்கவேண்டிய அந்த ஐந்து நிமிடக் கணக்கை, விளையாட்டுக்காகத் தடத்தில் இறங்குவோர் பலர் அறிவதேயில்லை.

சாலையில் கார் எவ்வாறு ஓடுகின்றது? சமநிலத்தில் சீரான வேகத்தில் செல்லும் கார், தன் முழு வலுவில் ஒரு சிறு பங்கையே செலவிடுகின்றது. முன்னே செல்லும் பஸ்வண்டியை முந்தும்போது சில விநாடிகள் முழு அமுக்கம் எழும், பின் தணிந்துவிடும். அடுத்த சில நிமிடங்களில் சேர்ந்த சூடெல்லாம் கரைந்துவிடும். தடத்திலோ நேர்ப்பாதை முழுவதும் முழு வலு, வளைவிலே கடுந்தடை, மீண்டும் முழு வலு. ஒவ்வொரு சுற்றிலும் சூடு ஏறுகின்றது. இறங்குவதற்கு இடைவெளி இல்லை. மலையேற்றப் போட்டியில் ஓட்டம் சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். காரும் அடுத்த முறை வரும்வரை ஆறி நிற்கும். மேலும், நுவரெலியாவின் உயரத்தில் காற்றமுக்கம் கடல்மட்டத்தின் ஐந்தில் நான்கு பங்கே ஆதலால், அங்கே டர்போ காருக்குத் தனி மேம்பாடும் உண்டு. அதே காரைக் கட்டுக்குருந்தையின் வெப்பத்தில் சுற்றுச் சுற்றாக ஓட்டினால், பெறுபேறு வேறாகலாம்.

சூடு ஏறும்போது முதலில் பாதிக்கப்படுவது எரியும் முறை. உருளைக்குள் காற்றும் பெற்றோலும் தீப்பொறியிலிருந்து ஒழுங்காக எரிந்து பரவுதல் வேண்டும். உட்செல்லும் காற்று மிகச் சூடாயிருந்தால், கலவையின் ஒரு பகுதி தானே வெடித்துப் பிஸ்டனைச் சம்மட்டியால் அடித்தாற்போலத் தாக்கும். இதனைத் தட்டல் என்பர். தொடர்ந்து நிகழும் தட்டல் பிஸ்டனைத் துளைத்துவிடவும் கூடும். இதனைத் தடுக்கவே ஒக்ரேன் எண் உயர்ந்த பெற்றோல் தேவைப்படுகின்றது. இலங்கையில் 92, 95 என்னும் தரப் பெற்றோல்கள் விற்பனையாகின்றன. 95 வேண்டும் என்று செய்தவர் குறித்த காருக்கு 92ஐ ஊற்றித் தடத்தில் இறக்குவது பெருந்தவறு. இக்காலத்துக் கார்களிலுள்ள மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி தட்டலை உணர்ந்ததும் தீப்பொறியின் நேரத்தைத் தாமதப்படுத்தி வலுவைக் குறைத்துவிடும். நான்காஞ் சுற்றில் கார் சோர்ந்துவிட்டதென்று ஓட்டுநர் குறை கூறுவார். உண்மையில் அது சோர்வன்று, தற்காப்பு. அந்தத் தற்காப்பைக் கணினி நிரலை மாற்றி நீக்குவோர், தம் எஞ்சினின் காவலாளியை வீட்டுக்கு அனுப்பியவர் ஆகின்றனர்.

அடுத்து வருவது எண்ணெய். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஓர் இலட்சம் தடவைக்கு மேல் சுழலவல்லது. பெற்றோல் எஞ்சினின் புகை அதனை அடையும்போது 900 பாகையையும் தாண்டிய சூட்டில் இருக்கும். அத்தண்டு பெரும்பாலும் உலோகத்தைத் தொட்டுச் சுழல்வதில்லை. மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்தே சுழல்கின்றது. தடத்தின் நீண்ட வளைவுகளில் எஞ்சினின் அடித்தட்டிலுள்ள எண்ணெய் ஒருபுறம் ஒதுங்குகின்றது. அப்போது உறிஞ்சுங் குழாயின் வாயில் எண்ணெயின்றிக் காற்று புகுமாயின், சில விநாடிகளே போதும்; எஞ்சினின் பேரிங்கும் டர்போவின் பேரிங்கும் ஒருங்கே கெட்டுவிடும். கிளிவெட்டிச் சந்தியில் லொறிச் சாரதி செய்வதன் காரணமும் இங்கேதான் விளங்குகின்றது. எஞ்சினை அணைத்ததும் எண்ணெய் ஓட்டம் நின்றுவிடும்; ஆனால், செந்தணலாய்ச் சூடேறிய சில்லின் வெப்பம் தண்டின் வழியே பேரிங்கை நோக்கி ஊர்ந்து செல்லும். அங்கே தேங்கிய எண்ணெய் கரியாய்ப் படிந்து, அடுத்த ஓட்டத்தில் தண்டைத் தேய்க்கும். இன்றைய டர்போக்கள் பலவற்றில் தண்ணீர்க் குளிரூட்டலும் உண்டு. எனினும், தடத்திலிருந்து வரும் கார் கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி ஆறவிட்டே நிற்றல் வேண்டும்.

இது காரின் ஆயுளை மட்டும் பற்றியதன்று. எண்ணெய்க் குழாயொன்று வெடித்துச் செந்தணலான டர்போவின்மேல் எண்ணெய் தெளிக்குமாயின், தீப்பற்றும். அப்போது ஆபத்து ஓட்டுநரின் உயிருக்கே.

சூப்பர்சார்ஜருக்கு இந்தப் புகைச் சூட்டின் தொல்லை இல்லை. ஆயினும், அது எஞ்சினிடமிருந்து இடையறாது வலுவை வாங்குகின்றது. எஞ்சின் விரைந்து சுழலும்போதெல்லாம் அதுவும் விரைந்து சுழன்று, தானும் சூடேறிக் காற்றையும் சூடேற்றுகின்றது. இதன் பலாபலனைக் காட்டும் புகழ்பெற்ற கதை பென்ற்லி காரினுடையது. ஓட்டப் பந்தய வீரர் ரிம் பேர்க்கின், நாலரை லீற்றர் பென்ற்லி எஞ்சினுக்குச் சூப்பர்சார்ஜர் பூட்ட விரும்பினார். காரை ஆக்கிய டபிள்யு. ஓ. பென்ற்லி அதை விரும்பவில்லை. வலு வேண்டுமாயின் எஞ்சினின் கொள்ளளவைப் பெருக்குவதே நன்று என்பது அவர் கொள்கை. 1930ஆம் ஆண்டு பிரான்சின் லெ மான் நகரில் நடைபெற்ற 24 மணி நேரப் பந்தயத்தில் இரு கொள்கைகளும் நேருக்கு நேர் நின்றன. சூப்பர்சார்ஜர் பூண்ட பென்ற்லிகள் இரண்டும், அதே வகையான கருவி பூண்ட ஜெர்மானிய மேர்சிடிஸ் காரும் முடிவுக்கோட்டை அடையவில்லை. கருவியற்ற, ஆறரை லீற்றர் கொள்ளளவுள்ள பென்ற்லிகள் முதலாம் இரண்டாம் இடங்களைப் பெற்றன. ஒரு சுற்றின் வேகம் வேறு. ஒரு நாளின் உறுதி வேறு என்பதை அன்று உலகம் கண்டது.

சாலைக்கு வந்த முதல் டர்போ கார்களில் ஒன்றின் கதையும் கேட்கத் தக்கது. 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓல்ஸ்மொபில் நிறுவனம் ஜெற்பயர் என்னும் காரை வெளியிட்டது. தட்டலைத் தடுக்க, தண்ணீரும் மெதனோலும் கலந்த திரவத்தை எஞ்சினுக்குள் தெளிக்கும் ஏற்பாடு அதில் இருந்தது. உரிமையாளர் பலர் அத்திரவத் தொட்டியை நிரப்ப மறந்தனர். கார் வலுவிழந்தது; குறைகள் குவிந்தன; 1963ஆம் ஆண்டோடு அம்மாதிரி நிறுத்தப்பட்டது. கருவி எவ்வளவு நுட்பமானதாயினும், அதனைப் பேணும் கை தவறினால் நம்பகம் இல்லை.

பந்தய உலகம் இப்பாடத்தைத் தோல்விகளாற் கற்றது. 1977ஆம் ஆண்டு ரெனோ நிறுவனம் போர்முலா வன் பந்தயத்துக்கு ஒன்றரை லீற்றர் டர்போ காரைக் கொண்டுவந்தது. அது அடிக்கடி வெண்புகை கக்கி நின்றமையால் மஞ்சள் தேநீர்ப் பானை என்று நகையாடப்பட்டது. ஆயினும் முயற்சி கைவிடப்படவில்லை. 1979ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி, டீஜோன் நகரில் ழான் பியர் ழபூய் அந்த நிறுவனத்தின் டர்போ காருக்கு முதல் வெற்றியைத் தேடித் தந்தார். பின்வந்த ஆண்டுகளில், தகுதிச் சுற்றுக்கென ஆயிரம் குதிரைவலுவுக்கு மேல் தரும் எஞ்சின்கள் ஆக்கப்பட்டன. அவை ஓரிரு சுற்றுக்கே உழைக்கும். பந்தயத்துக்கு அமுக்கம் குறைக்கப்பட்ட வேறு எஞ்சினே பூட்டப்படும். 1988ஆம் ஆண்டில் விதிகள் அமுக்கத்தை 2.5 பாராகவும் எரிபொருளை 150 லீற்றராகவும் கட்டுப்படுத்தின. அந்த ஆண்டிலேயே மக்லாரன் அணியின் ஹொண்டா டர்போ கார்கள் 16 பந்தயங்களில் 15இல் வென்றன. அடக்கம் வெற்றிக்குத் தடையன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று இல்லை. 1989இல் விலக்கப்பட்ட டர்போ 2014இல் மீண்டும் வந்தபோது, ஓர் ஓட்டுநர் ஓர் ஆண்டு முழுவதற்கும் சில எஞ்சின்களையே பயன்படுத்தலாம் என்னும் விதியும் உடன் இருந்தது.

தமிழ்நாட்டிலும் இவ்வரலாறு தொடர்கின்றது. சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரம் ஓடுதளம், கட்டுக்குருந்தையைப் போலவே உலகப் போர்க் காலத்தில் விமானங்களுக்காக அமைக்கப்பட்டுப் பின் பந்தயத்துக்குப் பயன்பட்டது. 1990ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கெனவே தடம் திறக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டில் இந்தியாவில் தொடங்கிய போலோ கிண்ணப் போட்டியில் டீசல் டர்போ கார்களே ஓடின. எல்லாரும் ஒரே வகைக் காரை, செய்தவர் வகுத்த அமுக்கத்தோடே ஓட்டும் இத்தகைய போட்டிகள், தொழிற்சாலையின் எல்லைக்குள் நிற்கும் டர்போ எஞ்சின் தடத்திலும் உழைக்கும் என்பதைக் காட்டுகின்றன.

ஆகவே, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு விடை இதுவே. காற்றூட்டிய எஞ்சின் இயல்பில் நம்பத்தகாதது அன்று. அது தரும் ஒவ்வொரு குதிரைவலுவும் சூட்டைக் கடனாகப் பெற்றுத் தருவது. சாலையிலே அக்கடன் சிறுகச் சிறுகத் தீர்கின்றது. தடத்திலே அது வட்டியோடு ஏறுகின்றது. கடனை அடைக்கும் வழிகளும் தெரிந்தவையே. காரைத் தடத்துக்குக் கொண்டுசெல்லுமுன் புதிய, தரமான எண்ணெயை மாற்றல் வேண்டும். செய்தவர் குறித்த ஒக்ரேன் பெற்றோலையே ஊற்றல் வேண்டும். ரேடியேற்றரும் இடைக்குளிரூட்டியும் சேறும் பூச்சியும் படியாது தூய்மையாயிருத்தல் வேண்டும். எண்ணெய்க்குத் தனிக் குளிரூட்டியும், அது ஒதுங்காதிருக்க அடித்தட்டில் தடுப்புகளும் அமைத்தல் நன்று. தண்ணீரின் வெப்பநிலையோடு எண்ணெயின் வெப்பநிலையையும் கவனித்தல் வேண்டும். மூன்று நான்கு சுற்று விரைந்து ஓட்டிய பின் ஒரு சுற்று ஆறவிடல் வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்னே, குளிரூட்டலைப் பெருக்காமல் அமுக்கத்தைக் கூட்டும் ஆசையை அடக்கல் வேண்டும்.

சீனக்குடாவில் ஹரிக்கேன் விமானிகள் மனத்தில் வைத்த ஐந்து நிமிடமும், கிளிவெட்டிச் சந்தியில் லொறிச் சாரதி காத்து நிற்கும் இரண்டு நிமிடமும் ஒரே அறிவின் இரு முகங்கள். முன்னது எப்போது நிறுத்துவது என்பதைச் சொல்கின்றது. பின்னது எவ்வாறு நிறுத்துவது என்பதைச் சொல்கின்றது. இவ்விரண்டையும் அறிந்தவரின் கார் பந்தயத் தடத்திலிருந்து தன் சொந்தச் சில்லுகளிலேயே வீடு திரும்பும்.